கொழும்பு வெக்கையில ஹில்ஸ்ட்ரீம் லோச் வளர்க்கிறவைக்கு

இந்த மீன் வியட்நாம், சீனா பக்கத்து மலை ஓடையள்ல கல்லோட ஒட்டிக்கொண்டு வாழுறது, அதுக்கு 20-24 டிகிரி தண்ணி வேணும், எங்கட வெள்ளவத்தை பிளாட்டில தொட்டி சும்மா நிண்டாலே 29 காட்டும். கனபேர் பாசி தின்னுற மீன்தானே எண்டு வாங்கி விட்டுட்டு ஒரு மாசத்தில ஏன் செத்தது எண்டு கேக்கினம்.

சூடு ஏற ஏற தண்ணியில ஒக்சிசன் குறையும், மூச்சுத்தான் முதல் பிரச்சினை. அதால ஒரு பவர்ஹெட் (தண்ணிக்குள்ள வைக்கிற சின்ன பம்ப்) போட்டு மேல்தண்ணி நல்லா அலையடிக்கிற மாதிரி திருப்பி விடுங்கோ. மேல ஒரு சின்ன ஃபான் பூட்டினா ஆவியாகி கொஞ்சம் குளிரும், ஆனா இங்க காத்தே ஈரம், ரெண்டு டிகிரிக்கு மேல எதிர்பாக்காதேங்கோ. உண்மையா சொன்னா தொட்டித் தண்ணியைக் குளிராக்கிற சில்லர் மெஷினோ ஏசி ரூமோ இல்லாட்டி வாங்காம விடுறது நல்லம்.

சாப்பாட்டுக்கு, உருண்டைக் கல்லுகளை ஒரு வாளித் தண்ணியில போட்டு பல்கனி வெயில்ல வையுங்கோ, பச்சை வழுக்கல் பிடிச்சதும் ஒண்டொண்டா தொட்டிக்க மாத்துங்கோ (வாளியை வலையால மூடுங்கோ, இல்லாட்டி நுளம்பு பெருகும், பிறகு டெங்குக்காரர் வந்து நிப்பினம்). பைப் தண்ணிக்கு குளோரின் எடுக்கிற மருந்து கட்டாயம். தொட்டிக்கும் மூடி வேணும், கண்ணாடியில ஏறி வெளிய விழுந்திடும்.