தோட்டக் குட்டையில் காட்டு வாத்து: செய்யக்கூடாதவை

வடகிழக்கு மழை ஓய்ந்து குட்டைகள் நிரம்பியதும் எனக்கு போட்டோக்கள் வர ஆரம்பித்துவிடும். ஜோடியாகப் புள்ளிமூக்கு வாத்து, நுனியில் மஞ்சள் தடவின மாதிரி கறுப்பு அலகு, கீழே ‘என்ன போடலாம் சார்?’ என்று கேள்வி. ஒன்றும் போட வேண்டாம், அதுவே மேய்ந்துகொள்ளும். ரொட்டி, பட்டாசு, தெருநாய் எல்லாம் தெரிந்த சமாச்சாரம், விட்டுவிடுகிறேன். பழைய ஆட்கள் செய்த கூத்தையே புதிதாகக் குட்டை வெட்டினவர்களும் திரும்பச் செய்கிறார்களே, அதைப் பற்றித்தான் இது.

ஷீட் போட்ட செங்குத்துக் கரை

தண்ணீர் மண்ணில் இறங்காமல் இருக்க பாலித்தீன் ஷீட் விரிப்பது நியாயம்தான். ஆனால் இடம் மிச்சம் என்று நாலு பக்கமும் செங்குத்தாக வெட்டி, மேலிருந்து கீழ்வரை வழவழவென்று ஷீட் போட்டுவிட்டு, வாத்து வருகிறது என்று பெருமைப்படுகிறார்களே, எரிச்சலாக வருகிறது. பெரிய வாத்துக்கு அது பிரச்சினையே இல்லை, பறந்து வரும், பறந்து போகும். சிக்கல் குஞ்சுகளுக்கு. கரைப் புல்லில் மறைவாக எட்டிலிருந்து பதினாலு முட்டைவரை இட்டு, ஏறக்குறைய 24 நாள் அடைகாத்து, பொரித்த ஒன்றிரண்டு நாளில் தாய் எல்லாவற்றையும் தண்ணீருக்கு நடத்திப் போய்விடும். சறுக்கி இறங்குவது சுலபம். ஏறுவது?

மதுராந்தகம் பக்கம் ஒரு தோட்டத்தில் பார்த்தேன். பாசி படிந்த ஷீட்டில் குஞ்சுகள் நகத்தைப் பதிக்கும், ஒரு சாண் ஏறும், சர்ரென்று வழுக்கி விழும். தாய் மேலே நின்று கத்திக்கொண்டே இருக்கிறது. தோட்டக்காரரோ காலையிலிருந்து வீடியோ எடுத்துக்கொண்டு, ‘எப்படி விளையாடுது பாருங்க’ என்கிறார். விளையாட்டா அது? குஞ்சு கொஞ்ச நேரம் நீந்தும், அப்புறம் கரையேறி, தாயின் சிறகுக்குள் ஒண்டி உடம்பைக் காயவைத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் தூவி நனைந்து, குளிர்ந்து, களைத்து முழுகிப்போகும். சாக்கைத் தொங்கவிட்டுச் சிலதை ஏற்றினோம், மூலையில் ஒதுங்கியிருந்த இரண்டு ஏற்கெனவே போயிருந்தன.

இத்தனை செலவு செய்து குட்டை வெட்டினவருக்குத் தேங்காய் நார்ப் பாய் ஒன்று வாங்க மனசு வரவில்லை. பாயோ பழைய சாக்கோ, மேல் நுனியைக் கரையில் முளையடித்துக் கட்டி, கீழ் நுனியில் கல் கட்டித் தண்ணீருக்குள் நன்றாக இறக்குங்கள். நீர்மட்டம் குறைந்தாலும் அது எட்ட வேண்டும், பாதியில் தொங்கினால் வீண். குஞ்சுகள் ஓரமாகவே நீந்திப் போய் மூலையில் முட்டிக்கொண்டு நிற்கும், அதனால் மூலைகளில் போடுங்கள். முயலும் உடும்பும் விழுந்தாலும் அதே பாயில்தான் ஏறும்.

இனிமேல்தான் வெட்டப் போகிறீர்கள் என்றால், ஒரு பக்கத்தையாவது மாடு இறங்குகிற மாதிரி சரிவாக விட்டு, ஷீட் மேல் மண் போடுங்கள்.

முட்டையை எடுத்துக் கோழிக்கு அடைவைப்பது

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

துணைக்கு வளர்ப்பு வாத்து

வேண்டாம். நோய் ஒட்டும், கலப்பினமும் வரும்.

கரைப் புல்லைச் சுத்தமாக வழிப்பது

நம் பக்கம் புள்ளிமூக்கு பெரும்பாலும் கூடு வைப்பது நவம்பர், டிசம்பரில். மிஷின் வைத்துப் புல்லை வழிப்பதும் அதே மாதங்களில்தான். பொங்கல் கழித்து வெட்டினாலும், முன்னால் ஒருவர் குச்சியால் புல்லை விலக்கிப் பார்த்துக்கொண்டே நடக்கட்டும். அடையிலிருக்கும் வாத்து, மிதிக்கிற தூரம் வரும்வரை அசையாது.