பண்டிகைக்கு முன் எட்டு ஜெர்மன் வாக்கியங்கள்

ஜெர்மன் மொழியில் ஏ1 என்னும் தொடக்க நிலையை முடித்த கையோடு எனக்குப் பண்டிகை வந்தது. பக்கத்து வீட்டு அம்மாவை அழைத்திருந்தேன். "சின்ன வயதில் யாருடன் கொண்டாடினீர்கள்?" என்று கேட்டார். பாட்டியுடன் என்றேன். அப்புறம் "பாட்டி இப்போ இல்லை" என்று நாம் சொல்வதை அப்படியே மாற்றி, "ஸீ இஸ்ட் நிஷ்ட் டா" என்றேன். அந்த மொழியில் அதற்கு ஆள் இங்கே இல்லை என்றுதான் பொருள். அவர் ஆவலாக, "எப்போது வருவார்?" என்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. "ஸீ லேப்ட் நிஷ்ட் மேர்", இனி அவர் உயிருடன் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும்.

அதனால் வீட்டை அலங்கரிக்கும் முன்பே வாக்கியங்களைத் தயார் செய்துவிடுங்கள். இரண்டு வாரம் முன்னதாக ஒரு நோட்டில், அன்றைக்குக் கட்டாயம் சொல்ல நினைப்பவற்றைத் தமிழில் எழுதுங்கள். எட்டு போதும். யாருடன் கொண்டாடினீர்கள், எதற்காகக் காத்திருந்தீர்கள், இப்போது யார் இல்லை. அப்புறம் ஒவ்வொன்றையும் முதலில் தமிழிலேயே உடைத்து எழுதுங்கள். "இல்லை" என்ற ஒரு சொல்லில் நாம் எத்தனையோ அடக்கிவிடுகிறோம். அதை "இறந்துவிட்டார்" என்று பிரித்த பிறகே மொழிபெயர்க்க வேண்டும். ஆசிரியரிடம் காட்டித் திருத்தி, வாய்விட்டுப் படியுங்கள்.

தொடங்குவதற்கு "பை உன்ஸ்" மிக நல்ல சொல். நம் "எங்க பக்கம்" போன்றது. அதை முன்னால் போட்டால் வினை அடுத்தே வந்துவிட வேண்டும்: "பை உன்ஸ் ஃபையர்ன் வியர்", எங்க பக்கம் கொண்டாடுகிறோம். "ஏனென்றால்" என்னும் "வைல்" வந்தாலோ வினை நம் தமிழைப் போலக் கடைசிக்குப் போய்விடும். பயிற்சிப் புத்தகத்தில் எனக்கு ஒட்டாத இறந்தகாலமெல்லாம் பாட்டியைப் பற்றி எழுதியபோதுதான் மனதில் நின்றது.

பண்டிகையின் பெயரை மொழிபெயர்க்க வேண்டாம். பெயரை அப்படியே சொல்லி, ஒரு வரி விளக்கம் கொடுங்கள்.

அழைப்பது இரண்டு பேர் போதும். கூட்டம் கூடினால் அவர்கள் தங்களுக்குள் வேகமாகப் பேசத் தொடங்கிவிடுவார்கள். வகுப்புத் தோழர் என்றால் "டு", அதாவது நீ; வயதான அண்டை வீட்டார் என்றால் "ஸீ", அதாவது நீங்கள். "இஷ் லாடே ஸீ ஐன்", உங்களை அழைக்கிறேன் என்று சொல்லும்போது கடைசி "ஐன்" விட்டுப்போகக் கூடாது. அது இல்லாவிட்டால் அழைப்பாகவே கேட்காது.

அன்று முழுக்கப் புது மொழியே பேச வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். விருந்தினர் வருமுன் ஒரு மணி நேரம் வீட்டுக்குப் போன் போட்டு மனம் நிறையத் தமிழில் பேசுங்கள். அதற்குப் பிறகு புது மொழி பேசும்போது எனக்கு அவ்வளவு பதற்றம் இருப்பதில்லை.

அன்றிரவே, திக்கிய இடங்களை அதே நோட்டில் குறித்துவிடுங்கள். அடுத்த ஆண்டு அதே அம்மா வந்தபோது சரியான வாக்கியத்தைச் சொன்னேன். அவர் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, பாட்டியின் பெயரைக் கேட்டார். பிறகு தன் தாயைப் பற்றிப் பேசினார். பாதிதான் புரிந்தது. அவர் வாயில் திரும்பத் திரும்ப வந்த ஒரு சொல்லை இரவு நோட்டில் எழுதிக்கொண்டேன்: "எரின்னர்ன்", நினைத்துப் பார்ப்பது.