ஜீப்பின் இரண்டாவது பேட்டரி சார்ஜ் ஏறாத கதை: என் அனுபவம்

பழைய டீசல் ஜீப்பைக் குறைந்த செலவில் கேம்பிங் வண்டியாக மாற்றினேன். பின்னால் சின்ன பிரிட்ஜ், அதற்குத் தனி பேட்டரி. ஆனால் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்தாலும் அந்த பேட்டரி முழுசாகச் சார்ஜ் ஆகாது. நடுராத்திரியில் பிரிட்ஜ் நின்றுவிடும்.

பேட்டரி போச்சு, ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்வது) போச்சு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். எதையும் மாற்றுமுன் மல்டிமீட்டரை எடுத்தேன். இன்ஜின் ஓடும்போது முன்னால் உள்ள ஸ்டார்ட்டிங் பேட்டரியில் 14.2 வோல்ட், பின்னால் 13.0. மீட்டருக்கு நீள ஒயர் சேர்த்து, இரண்டு பேட்டரிகளின் பிளஸ்களுக்கு நடுவே பார்த்தால் 0.5, மைனஸ்களுக்கு நடுவே 0.7! வழியில் இழக்கும் 1.2 வோல்ட்டில் பாதிக்கு மேல் எர்த்தில்தான், அதாவது மைனஸை வண்டியின் உடம்போடு சேர்க்கும் இணைப்பில்தான் போகிறது.

எர்த் போல்ட்டைக் கழற்றினால் அடியில் பெயின்ட்டும் துருவும். உலோகம் பளபளக்கும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே வாஸ்லின் தடவினேன். பிளஸ்ஸில் இருந்த 6 சதுர மி.மீ. ஒயருக்குப் பதில் 25 சதுர மி.மீ. செம்பு வெல்டிங் கேபிள். நன்றாக வளையும், மீட்டர் கணக்கில் கிடைக்கும். இரு பேட்டரிக்கும் பக்கத்திலேயே ஒவ்வொரு ஃபியூஸ். இதில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். கேபிள் சேசிஸில் உரசித் தோல் கிழிந்தால் வண்டியே எரியும்.

இப்போது பின்னால் 14.0. அப்புறம், இரண்டு பேட்டரிக்கும் நடுவில் இருக்கும் ரிலே (வோல்ட்டைப் பார்த்துத் தானே இயங்கும் சுவிட்ச்) சுமார் 13.3 வோல்ட்டில் இரண்டையும் சேர்க்கும், 12.8-க்கு இறங்கினால் பிரித்துவிடும். பிரிட்ஜ் விடிய விடிய ஓடினாலும் காலையில் ஸ்டார்ட் செய்ய முன் பேட்டரி தயார்.