மூன்று பேர் வாழ்ந்த இடத்தில் 150 கையெழுத்து: ஒரு கவுண்டியைப் படிப்பது எப்படி?

அமெரிக்காவில் மாநிலத்துக்கு அடுத்த நிர்வாகப் பிரிவு கவுண்டி. ஏறக்குறைய நம் மாவட்டம் மாதிரி. ஒரு கவுண்டியைப் பற்றி முதன்முதலாக எழுதுபவர்கள் வரலாறு, நிலம், மக்கள்தொகை என்று மூன்று பத்தி போட்டுவிட்டு எழுந்துவிடுவார்கள். மூன்றையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால்தான் கதை பிடிபடும். டெக்சாஸில் உள்ள லவிங் கவுண்டியை வைத்துச் செய்து பார்ப்போம்.

படி 1: வரைபடத்தை விரியுங்கள். லவிங், மாநிலத்தின் மேற்கே, நியூ மெக்சிகோ எல்லையை ஒட்டி இருக்கிறது. ஒரு பக்கம் பெக்கோஸ் ஆறு. பரப்பு சுமார் 1,750 சதுர கிலோமீட்டர். தலைமையிடம் மென்டோன் என்ற சிற்றூர். மழை குறைவு, ஆற்று நீரில் உப்பு அதிகம். “ஆறு இருக்கிறது, அப்போ விவசாயம் இருக்கும்” என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள்.

படி 2: மக்கள்தொகையை வரிசையாக எழுதுங்கள். அங்கே பத்தாண்டுக்கு ஒருமுறை, பூஜ்யத்தில் முடியும் ஆண்டில் கணக்கெடுப்பு நடக்கும். ஒரு தாளில் ஆண்டை இடப்பக்கமும் எண்ணை வலப்பக்கமும் எழுதுங்கள்:

1890: 3
1900: 33
1910: 249
1920: 82
1940: 285
1980: 91
2010: 82
2020: 64

1940தான் உச்சம். 2020இல் இருந்த 64 பேரை ஒரே பந்தியில் உட்கார வைத்துவிடலாம்.

படி 3: அதே தாளில் வரலாற்றைச் சேருங்கள். இங்கேதான் நிதானம் வேண்டும். டெக்சாஸில் ஒரு கவுண்டி சட்டப்படி உருவாவது வேறு, தேர்தல் நடத்தி நிர்வாகம் அமைவது வேறு. லவிங் உருவானது 1887இல். கால்வாய் வெட்டுகிறோம் என்று கிளம்பிய ஒரு கூட்டம், நிர்வாகம் அமைக்கக் கேட்டு 1893இல் மனு கொடுத்தது. மனுவில் 150 வாக்காளர் கையெழுத்து. தேர்தலில் 83 ஓட்டு.

சரி, இப்போது தாளைப் பாருங்கள். மூன்று ஆண்டுக்கு முன்னால் அங்கே இருந்தவர்கள் மூன்றே பேர்! இந்த இரண்டு எண்ணும் தனித்தனிப் பத்தியில் கிடந்திருந்தால் யார் கண்ணிலும் பட்டிருக்காது. 1897இல் நிர்வாகத்தைக் கலைத்தார்கள். அப்புறம் 1920களில் எண்ணெய் கிடைத்து ஆட்கள் வந்தார்கள்; 1931இல் மறுபடி நிர்வாகம் அமைந்தது.

படி 4: பெயர்க்காரணம். இரண்டு வரி போதும். காதலுக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. மாட்டு மந்தைகளை நெடுந்தூரம் ஓட்டிச் சென்று விற்ற ஆலிவர் லவிங்கின் பெயர் அது. 1867இல் பெக்கோஸ் ஆற்றருகே கொமாஞ்சி பழங்குடியினர் தாக்கியதில் காயம்பட்டு, பிறகு இறந்துபோனார்.

படி 5: சதவீதத்தைக் கடைசியில் தொடுங்கள். 2010க்கும் 2020க்கும் இடையில் மக்கள்தொகை 22 சதவீதம் சரிந்தது என்று எழுதினால் ஏதோ பஞ்சம் வந்து ஊரே காலியான மாதிரி இருக்கும். குறைந்தது 18 பேர். ஒரு வேனில் ஏற்றிவிடலாம்.