ஜெராக்ஸுக்கு முன்னாலேயே எண் போடுங்கள்

இளங்கலை ப்ராஜெக்ட்டுக்கான கேள்வித்தாளை ஜெராக்ஸ் எடுக்கும் முன்பே ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் ஒரு எண்ணை டைப் செய்துவிடுங்கள்: ஆம் 1, இல்லை 2, தெரியாது 8, பதில் சொல்லவில்லை 9. மேல் மூலையில் ஒரு கட்டம் விட்டு, ஒவ்வொரு தாளும் நிரம்பியதும் அங்கேயே அந்தக் கட்டத்தில் பேனாவால் வரிசை எண் எழுதுங்கள்.

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் 100 வியாபாரிகளிடம் 30 கேள்வி கேட்டால் எக்செல்லில் 3000 கட்டம் நிரப்ப வேண்டும். ஆம், ஆமா, ஆமாம் என்று கை போன போக்கில் அடித்தால் எக்செல் அதை மூன்று தனி விடையாக எண்ணும். எண்ணில் அந்தத் தொல்லை இல்லை, அடிப்பதும் வேகம். வயது 410 என்று விழுந்திருந்தால் அந்த வரிசை எண்ணுள்ள தாளை உருவிப் பார்த்துத் திருத்தலாம். பதில் வராத இடத்தில் 0 மட்டும் வேண்டாம். எத்தனை பிள்ளைகள் என்ற கேள்விக்கு 0 நிஜமான விடையாச்சே!

வயது, தினவருமானம் போன்றவற்றுக்கு இப்படி விடைக்குப் பதிலான குறியீட்டு எண் கூடாது. அவர்கள் சொன்ன எண்ணையே எழுதுங்கள், பதில் இல்லையென்றால் காலியாக விடுங்கள். அங்கே 9 போட்டால் சராசரி கெடும். மனம்விட்டுப் பேசவிடும் நேர்காணலுக்கு இந்த முறை ஒத்துவராது. கூகுள் ஃபார்ம் என்றால் வரிசை எண் தேவையே இல்லை.