குடும்ப நாட்காட்டியிலிருந்து சொந்த நாட்காட்டிக்கு நிகழ்வுகளைப் பிரதி எடுப்பது எப்படி?

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோவிலுக்குப் போவதும் அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்கு வந்து சேர்வதும் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்களுக்குத் தவறக்கூடாத நாட்கள். எங்கள் வீட்டில் இவற்றையெல்லாம் மதினி ஒரு பகிர்ந்த கூகுள் கேலண்டரில் பதிந்து வைக்கிறார். பாளையங்கோட்டையில் இருப்பவர்களும் சென்னையில் இருப்பவர்களும் துபாயில் இருக்கும் தம்பியும் அதைப் பார்த்துக்கொள்கிறோம். அப்படி எல்லோருக்கும் பொதுவான ஒரு நிகழ்வை உங்கள் சொந்த நாட்காட்டிக்கு எடுத்துக்கொள்ளும் முறையை, கணினியில் முதன்முதலாகச் செய்பவர்களுக்காக எழுதுகிறேன். திரையில் ஆங்கிலத்தில் தெரியும் பொத்தான்களின் பெயர்களை அப்படியே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன்.

முதலில், பகிர்ந்த நாட்காட்டியில் உங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது என்று பாருங்கள். நிகழ்வின் பெயருக்குப் பதிலாக ‘பிஸி’ என்று மட்டும் தெரிந்தால், விவரங்களைப் பார்க்கும் அனுமதியை உரிமையாளர் தரவில்லை என்று பொருள்; அதை வாங்காமல் பிரதி எடுத்துப் பயனில்லை. விவரங்கள் தெரிந்தாலே பிரதி எடுக்கலாம், திருத்தும் உரிமை தேவையில்லை.

அடுத்து, கணினியின் உலாவியில் கேலண்டரைத் திறந்து, வேண்டிய நிகழ்வின் மீது ஒருமுறை சொடுக்குங்கள். தோன்றும் சிறு பெட்டியின் மேல்புறத்தில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தினால், ‘காப்பி டு’ என்று தொடங்கி உங்கள் நாட்காட்டியின் பெயரோடு முடியும் வரி வரும். அதைத் தேர்ந்தெடுத்ததும் பிரதி ஒரு திருத்தும் பக்கமாகத் திறக்கும். இங்கே பலர் வேலை முடிந்துவிட்டதாக நினைத்துப் பக்கத்தை மூடிவிடுகிறார்கள். ‘சேவ்’ அழுத்தும்வரை எதுவும் பதிவாகாது. சேமிக்கும் முன்பு விருந்தினர் பட்டியல் கூடவே வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் பெயர்களை நீக்கிவிடுங்கள், இல்லையென்றால் உறவினர் அனைவருக்கும் இரண்டாவது அழைப்பு போகக்கூடும். அழைப்பு அனுப்பவா என்று கேட்டால் ‘டோன்ட் செண்ட்’ என்று சொல்லிவிடுங்கள்.

கைபேசிச் செயலியில், உங்களுக்குத் திருத்தும் உரிமை உள்ள நிகழ்வு என்றால், மூன்று புள்ளிகளில் ‘டூப்ளிகேட்’ கொடுத்து, திறக்கும் பக்கத்தில் நாட்காட்டியின் பெயரை மாற்றிச் சேமிக்கலாம்.

ஆனால் ஒன்றில் மிகவும் கவனமாக இருங்கள். பிரதி எடுக்காமல், பகிர்ந்த நிகழ்வையே திருத்தத் திறந்து அங்கே நாட்காட்டியின் பெயரை மாற்றினால், அந்த நிகழ்வு இடம்பெயர்ந்துவிடும். உங்களிடம் வந்து சேரும், மற்ற எல்லோருடைய திரையிலிருந்தும் மறைந்துபோகும்.

பகிர்ந்த நாட்காட்டியிலேயே நிகழ்வு தெரியும்போது எதற்குப் பிரதி என்று கேட்கலாம். என் அனுபவத்தில் அதற்குப் பெரிய காரணம் ரயில் டிக்கெட்தான். 2024 நவம்பர் 1 முதல் ரயிலில் முன்பதிவு, பயண நாளை விட்டுவிட்டு 60 நாட்களுக்கு முன்னால்தான் திறக்கிறது. 2025இல் பங்குனி உத்திரம் ஏப்ரல் 11 அன்று வந்தது. ஏப்ரல் 9 இரவு சென்னையில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏற வேண்டுமானால், பிப்ரவரி 8 காலை 8 மணிக்கு டிக்கெட் எடுக்க உட்கார்ந்திருக்க வேண்டும். கூகுள் கேலண்டரிலோ நினைவூட்டலை அதிகபட்சம் 4 வாரங்களுக்கு முன்புதான் வைக்க முடியும். ஆகவே உத்திரத்தை என் நாட்காட்டிக்குப் பிரதி எடுத்து, அதன் தேதியை முன்பதிவு நாளுக்கு மாற்றி, தலைப்பில் ‘டிக்கெட்’ என்று சேர்த்துவிடுகிறேன். பொது நாட்காட்டியில் இதைச் செய்தால் பெரியப்பா பிப்ரவரியிலேயே கோவிலுக்குக் கிளம்பிவிடுவார்.

இந்த நிகழ்வுகளுக்கு ‘ஆண்டுதோறும்’ என்று திரும்ப வரும்படி வைக்காதீர்கள். 2024இல் உத்திரம் மார்ச் 25 அன்றே வந்துவிட்டது. நட்சத்திரம் பார்த்து வரும் நாளை ஆங்கிலத் தேதியில் பூட்டிவைத்தால் மறு ஆண்டே பிசகும்.

எதிர்த் திசையில், சொந்த நாட்காட்டியிலிருந்து பொது நாட்காட்டிக்கு அனுப்புவதற்கும் அதே ‘காப்பி டு’தான், ஆனால் அங்கே நிகழ்வுகளை மாற்றும் உரிமை உங்களுக்கு இருக்க வேண்டும். விளக்கப் பகுதியில் வரிக்கணக்கோ கடன் கணக்கோ எழுதி வைத்திருந்தால் முதலில் அழித்துவிடுங்கள்.

நேரத்தையும் சரிபாருங்கள். கொடையின் நள்ளிரவுப் பூஜையான சாமக்கொடை செவ்வாய் இரவு 12 மணிக்கு என்று ஊரில் சொல்வோம். கேலண்டருக்கு 12 ஏ.எம். என்பது புதன்கிழமையின் முதல் நிமிடம். ஒரு வருடம் நான் ‘செவ்வாய் 12 ஏ.எம்.’ என்று பதிந்து பொது நாட்காட்டிக்கு அனுப்பிவிட்டேன். திங்கள் இரவு, அம்மனை அழைக்கும் குடியழைப்புச் சடங்கு முடிந்து படுக்கப் போகும் நேரத்தில், துபாயிலிருந்து தம்பி வீடியோ அழைப்பில் வந்து, “வில்லுப்பாட்டுச் சத்தத்தையே காணோமே, என்னண்ணே?” என்று கேட்டான். அவன் திரையில் அது இரவு 10:30 என்று சரியாகத்தான் மாறியிருந்தது. நாள்தான் ஒன்று முந்திவிட்டது.

நிகழ்வுகள் ஏராளமாக இருந்தால் ஒவ்வொன்றாக எடுப்பது வீண் வேலை. கணினியில் ‘செட்டிங்ஸ்’ சென்று அந்த நாட்காட்டியைத் தேர்ந்தெடுத்து, ‘எக்ஸ்போர்ட் கேலண்டர்’ கொடுத்தால் ஐ.சி.எஸ். வகைக் கோப்பு கிடைக்கும். பகிர்வையும் நிர்வகிக்கும் உரிமை உள்ளவர்களுக்கே இந்த வசதி உண்டு. பிறகு ‘இம்போர்ட்’ பகுதியில் கோப்பைக் கொடுத்து, எந்த நாட்காட்டியில் சேர வேண்டும் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய ஆண்டுகளின் நிகழ்வுகளும் சேர்ந்தே வரும், விருந்தினர் பட்டியலும் வீடியோ சந்திப்பு இணைப்புகளும் வராது. முதல்முறை செய்பவர்கள் புதிதாக ஒரு காலி நாட்காட்டி தொடங்கி அதில் இறக்கிப் பாருங்கள். பிடிக்காவிட்டால் அந்த நாட்காட்டியை மொத்தமாக நீக்கிவிடலாம்.

எந்த வழியில் எடுத்தாலும் பிரதிக்கும் மூலத்துக்கும் பிறகு தொடர்பு கிடையாது. மதினி கொடையை ஒரு வாரம் தள்ளிப் போட்டாலும் உங்கள் பிரதி பழைய தேதியிலேயே நிற்கும். அதனால் நான் டிக்கெட், விடுப்பு போல நானே ஏற்பாடு செய்ய வேண்டியவற்றை மட்டும் பிரதி எடுக்கிறேன்; மற்றவற்றைப் பொது நாட்காட்டியிலேயே பார்த்துக்கொள்கிறேன். கொடைக்குப் பந்தக்கால் நடும் கால்நாட்டுச் சடங்கு முடிந்ததும், என் பிரதிகளை ஒருமுறை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுகிறேன்.