பச்சைத் தண்ணீரும் முருங்கை விதையும்: நானே செய்த தவறுகள்

போன மாதம் கல்லூரி மாணவர் குழு ஒன்று ஊருணித் தண்ணீரைக் கேனில் கொண்டுவந்தது. பச்சைப் பெயிண்ட் கலந்ததுபோல் பாசி. என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன். "முதல்ல பிளீச்சிங் பவுடர் போட்டுப் பாசியைக் கொன்னுடுவோம் சார், அப்புறம் முருங்கை விதை போட்டுத் தண்ணியைத் தெளிய வைப்போம்" என்றார்கள். பத்து வருடம் முன்னால் நான் சொன்ன அதே பேச்சு. பூஞ்சை பிடித்த விதையை எடுப்பது, தோலோடு அரைப்பது போன்ற தவறுகள் இரண்டு தடவை செய்தாலே பிடிபட்டுவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதலில் கொல்வது

இதுதான் இன்னும் எனக்கு எரிச்சலூட்டுகிறது. மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி, மைக்ரோசிஸ்டின் என்ற தன் நஞ்சின் பெரும்பகுதியைச் செல்லுக்குள்ளேயே வைத்திருக்கும். முருங்கை விதையில் நேர்மின்னூட்டம் கொண்ட புரதம் இருக்கிறது. செல்லின் மேற்பரப்போ எதிர்மின்னூட்டம் கொண்டது. இரண்டும் ஒட்டித் திரளும். செல் உடையாமல் திரளை அகற்றினால் உள்ளிருக்கும் நஞ்சும் கூடவே போய்விடும்.

பிளீச்சிங் பவுடரில் உள்ள குளோரினோ, மயில்துத்தமோ (காப்பர் சல்பேட்) முதலில் விழுந்தால் செல் உடைந்து நஞ்சு தண்ணீரில் கரையும். கரைந்ததை முருங்கை, தேற்றாங்கொட்டை, படிகாரம் எதை நம்பியும் எடுக்க முடியாது. கொதிக்கவைத்தாலும் அழியாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். போதிய குளோரின் போதிய நேரம் நின்றால் கரைந்த மைக்ரோசிஸ்டினையும் சிதைக்கும், உண்மைதான். ஆனால் பாசி மண்டிய தண்ணீரில் போட்டால் குளோரினைப் பாசியே தின்றுவிடும்.

1979இல் ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் குடிநீர் அணையில் பாசி பெருகியதென்று மயில்துத்தம் போட்டார்கள். சில நாட்களில் 148 பேர் நோயில் விழுந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அங்கே இருந்தது வேறு இனம், வேறு நஞ்சு. செய்த காரியம் இதேதான்.

நானும் இப்படி முதலில் கொன்றுவிட்டு முருங்கை விதை போட்டபோது தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்தது. ஊர்ப் பெரியவர் ஒருவர் டம்ளரை வாய்க்கே கொண்டுபோய்விட்டார். சோதனைக்கூடத்துத் தோழி பிடுங்கி வைத்தாள். நஞ்சின் அளவைக் காட்டும் எலிசா சோதனை முடிவு வந்தபோது, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்ற அளவைத் தாண்டியிருந்தது. பச்சையாக இருந்தவரை யாரும் அதில் வாய் வைத்திருக்க மாட்டார்கள். நான் பச்சையை எடுத்துவிட்டு நஞ்சை மிச்சம் வைத்திருந்தேன்.

கசடை விட்டுவைப்பது

முந்தைய தவறின் தம்பி. திரண்டு ஒதுங்கிய கசடில் சிக்கிய செல்கள் சில நாட்களில் செத்து உடையும். அன்றன்றே வெளியேற்றுங்கள். ஒரு குழு அதை ஊருணியிலேயே திரும்பக் கொட்டியது. என்ன சொல்ல!

படியும் என்று காத்திருப்பது

மைக்ரோசிஸ்டிஸ் செல்லுக்குள் நுண்ணிய வாயுப் பைகள் உண்டு, அதனால் மிதக்கும். திரண்ட பிறகும் பாதி மேலேயே நிற்கும். கொஞ்சம் களிமண் சேர்த்தால் திரளுக்குக் கனம் கிடைத்து இறங்கும். இல்லையென்றால் மேலே நிற்பதை வழித்தெடுத்துவிட்டு நடுவிலிருந்து குழாய் வைத்து எடுங்கள்.

யாரோ சொன்ன அளவு

சூடானில் நைல் கரைப் பெண்கள் சேற்று நீரைத் தெளியவைக்க முருங்கை விதையைப் பயன்படுத்தி வந்தார்கள். சேற்றுக்குச் சரியான அளவு பாசிக்குச் சரிவராது. கூடிப்போனால் திரண்டது மறுபடி கலங்கும். ஜார் டெஸ்ட் செய்யுங்கள், ஒவ்வொரு தடவையும்: அதே தண்ணீரைச் சில ஜாடிகளில் எடுத்து, வெவ்வேறு அளவு போட்டு, எது நன்றாகத் தெளிகிறது என்று பார்ப்பது.

பவுடரை அப்படியே கொட்டுவது

விதையில் வேலை செய்வது அந்தப் புரதம்தான். எண்ணெயும் மற்ற கரிமப்பொருளும் தண்ணீரில் தங்கி, மறுநாள் நாற்றமெடுக்கும், பாக்டீரியாவுக்கும் தீனியாகும். எண்ணெய் எடுத்த பிண்ணாக்கே போதும். அதை உப்புக் கரைசலில் கலக்கி வடிகட்டினால் வெறும் தண்ணீரைவிட நன்றாகப் புரதம் இறங்கும்.

மிச்சக் கரைசலை நாளைக்கு வைப்பது

வேண்டாம்.

தெளிந்ததும் குடிப்பது

"அப்போ குடிக்கலாமா சார்?" என்றார்கள் மாணவர்கள். இன்னும் இல்லை. திரளை அகற்றிய பிறகு மணல் வடிகட்டி. ஏற்கெனவே கரைந்திருக்கும் நஞ்சுக்குக் கிளர்வூட்டிய கரி. அதற்கப்புறம்தான் அவர்கள் பையில் இருந்த பிளீச்சிங் பவுடர். குடிப்பது எலிசா முடிவைப் பார்த்துவிட்டு.